தெருமுனையில் நிற்க ஒரு ஆள்

நீலத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். டியூபை அமுக்கினால் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது, தட்டு நிறைய நீலம், இவ்வளவு நீலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், வீட்டில் யாராவது பேஸ்ட்டை இப்படி அமுக்கினால் நானே கத்துவேன். “பரவால்ல மேடம், வானத்துக்கு வச்சுக்கலாம்” என்கிறாள் மிருணாளினி. சென்னையிலிருந்து வந்திருக்கும் ஓவிய டீச்சர், என் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும், ஏப்ரன் முழுக்கப் பழைய பெயிண்ட், சிரித்துக்கொண்டே இருக்கிறாள், எங்களைப் பார்த்தும் சிரிக்கிறாளே, அதுவே பெரிய விஷயம். கீழே நோட்டீஸ் போர்டில் ஒரு வாரமாகத் தொங்குகிறது: குழு ஒற்றுமைக்கும் தனிமனித வளர்ச்சிக்கும் வண்ணங்கள். வளர்ச்சி எங்களுக்கு இடுப்பைச் சுற்றித்தான், உட்கார்ந்தே செய்கிற வேலை. நாங்கள் போன் எடுப்பவர்கள். மதுரையைச் சுற்றி எங்கள் டிரஸ்ட் ஆம்புலன்சுக்கு யார் கூப்பிட்டாலும் முதலில் எங்கள் காதில்தான் விழும், விழுந்து, எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வண்டியை அனுப்பிவிட்டு, வண்டி போய்ச் சேரும்வரை லைனில் இருப்போம். இந்த மாடி ஹாலுக்கு நேர் கீழேதான் அந்த அறை. இப்போதும் அங்கே பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தரை வழியாக அந்த முணுமுணுப்பு என் செருப்புக்கு வருகிறது, அல்லது வருவதாக நான் நினைத்துக்கொள்கிறேன். ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட். காலையிலேயே தனபாக்கியம் அக்கா, எங்கள் சூப்பர்வைசர், மாடிப்படியில் நிறுத்திச் சொல்லிவிட்டார். “ரோசு, இன்னைக்கு சாயங்காலம் ஹெட்செட்ட மாட்டு. முடியலன்னா சொல்லு, ஸ்டோர்ஸ்ல ஆள் கேக்குறாங்க, மாத்தி விடுறேன். எதுன்னாலும் நீ எனக்கு வேண்டியவதான். நடுவுல நிக்காத, அது ஒனக்குத்தான் நல்லதில்ல.” ஸ்டோர்ஸ் என்றால் கையுறை, மாஸ்க், ஆக்சிஜன் குழாய். கையுறைகள் பேசாது, அழாது, யாரும் இல்லம்மா என்று சொல்லாது. காலையிலிருந்து அதை நினைக்க நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்பதுதான் பயமாகவும் இருக்கிறது.

மணியடிக்கிறாள். சின்னப் பித்தளை மணி, பூசைக்கு அடிப்பதுபோல. அடித்ததும் இந்த மேஜையில் நாலு பேர் கையும் காதுக்குப் போய்விட்டது. அடுத்த மேஜையிலும் அப்படித்தான். ஹெட்செட் இல்லை, கையில் பிரஷ், எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் சங்கிலி, எங்களோடு போன் எடுப்பவன், அவன் காதில் மஞ்சள் அப்பிவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க, மிருணாளினிக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, பாவம், அவளும் சிரித்து வைத்தாள். உங்களுக்கு நிம்மதி தரும் ஓர் இடத்தை வரையுங்கள், யோசிக்காதீர்கள், மணி அடித்ததும் படத்தை வலது பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுங்கள், அவர் தனக்குத் தோன்றுவதைச் சேர்ப்பார், சுற்றி வந்து கடைசியில் உங்களிடமே வரும், நடுவில் யாரும் பேசக் கூடாது. அதுதான் விளையாட்டு. பேசாமல் இருப்பது எங்களுக்கு விளையாட்டா என்ன. நிம்மதி தரும் இடம். நான் ஒரு வீடு வரைந்தேன். சதுரம், மேலே முக்கோணம், இரண்டாம் வகுப்பில் வரைந்த அதே வீடு, அதுகூடக் கோணல், பிரஷ் சரியில்லை, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உப்புக்குச் சப்பாணியாக ஒரு சன்னல், ஒரு கேட். அப்புறம் வீட்டைச் சுற்றி என்ன போடுவது என்று தெரியவில்லை. மரமா, எனக்கு மரம் வராது. ரோடு? ரோடு என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. வெள்ளை கேன்வாஸில் தனியாக ஒரு வீடு, சுற்றிலும் ஒன்றுமில்லை, எங்கிட்டுப் பார்த்தாலும் ஒன்றுமில்லை, எங்கிட்டுப் பார்த்தாலும் கல்லு. நான் வேண்டும் என்று வரையவில்லை. யோசிக்காதே என்றால் கை இதைத்தானே வரையும், இந்த மூன்று வாரமாக மனசு குடியிருப்பதே அந்த வீட்டில்தானே.

எங்கிட்டுப் பாத்தாலும் கல்லுதாம்மா ஊண்டியிருக்கு என்றார் மூன்று வாரத்துக்கு முன்னால் என் லைனில் வந்த ஒரு ஐயா. ரிங் ரோட்டைத் தாண்டி புதிதாகப் பிளாட் போட்ட இடம், எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், வீடு கட்டியது இவர் ஒருத்தர்தான். சம்சாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். மூச்சு இருக்கா ஐயா, இருக்கும்மா, பேசுறாங்களா, பேசலம்மா, ஆனா முழிச்சுப் பாக்குறா. பக்கத்துல என்ன இருக்குங்கய்யா, கோயில், கடை, டிரான்ஸ்பார்மர், தண்ணி டேங்க் ஏதாவது. கல்லுதாம்மா. கம்ப்யூட்டரில் அவர் போன் இருக்கும் இடம் ஒரு பெரிய வட்டமாகத் தெரிகிறது, அந்த வட்டத்துக்குள் வண்டி சுற்றிச் சுற்றி வரும், சுற்றும் ஒவ்வொரு நிமிஷமும் யாருடைய நிமிஷம். அதனால்தான் எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். இந்த ஊரில் ஆம்புலன்சுக்குப் போன் செய்கிற எல்லாருக்கும் இது தெரியும், கேட்பதற்கு முன்னாலேயே சொல்வார்கள், தம்பிய முனையில நிக்கச் சொல்லியிருக்கேன், பக்கத்து வீட்டு அண்ணே நிக்கிறாரு, மஞ்சச் சட்டை. ஒருத்தர் தெருமுனையில் நின்று கையைத் தூக்கினால் போதும், எந்த மேப்பும் வேண்டாம். யாராவது ஒருத்தர ரோட்டு முனையில நிக்கச் சொல்லுங்கய்யா. யாரும்மா இருக்கா, நானும் அவளும்தான். அப்ப நீங்க போய் நில்லுங்கய்யா, போனை வச்சிடாதீங்க. போன அவகிட்ட வச்சிட்டுப் போறேன்மா, பேசிக்கிட்டு இருங்க, அவளுக்குத் தனியா இருந்தா பயம். செருப்புச் சத்தம். கதவு. அப்புறம் நானும் அந்த அம்மாவும். அம்மா, வண்டி வந்துக்கிட்டு இருக்கு. அம்மா, ஐயா முனையிலதான் நிக்கிறாரு. அம்மா, நான் பேசுறது கேக்குதா. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம், டக் டக்கென்று, எண்ணெய் போடாத ஃபேன், அதற்கு நடுவில் மூச்சு, மூச்சு, ஃபேன், மூச்சு, ஃபேன், ஃபேன். அதோடு நின்றுவிடும். நினைப்பு எப்போதும் அந்த ஃபேனோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு நடந்தது உண்டு, ஆனால் அங்கே என்னால் போக முடியாது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், கல்லுதாம்மா, கல்லுதாம்மா. எங்கள் டிரஸ்ட் டாக்டர் அந்தப் பேச்சின் பதிவைப் போட்டுக் கேட்டார். அரை மணி முன்னாலேயே வண்டி போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, நீங்க எல்லாமே சரியாத்தான் செஞ்சிருக்கீங்க என்றார். சரியாகத்தான் செய்தேன். அதுதான் தாங்கவில்லை. சரியாகச் செய்து, அந்த மனுஷனைக் கடைசி நேரத்தில் பெண்டாட்டி பக்கத்திலிருந்து எழுப்பி, வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியவள் என் குரலைக் கேட்டுக்கொண்டு போனாள். அதற்கப்புறம் இரண்டு தடவை ஹெட்செட்டை மாட்டினேன். யாரும் இல்ல என்ற வார்த்தை வந்தால் போதும், விரல் தானாக மியூட்டை அமுக்கிவிடும். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்கிறார்கள், நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மணி. என் வீடு சங்கிலியிடம் போகிறது, என்னிடம் ராவியத்தின் படம் வருகிறது. ராவியத் கீழே எனக்குப் பக்கத்து நாற்காலி, இங்கேயும் இடது பக்கம். அந்த இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லாமல் என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்கம்மா, கேக்குது” என்று ஆரம்பித்தவள். ஒரு காதில் அவள் லைன், ஒரு காதில் என் லைன். அன்றைக்கு நான் அதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்த்த மாதிரி இல்லை, அடுத்த நாள் டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து இடியாப்பம் கொண்டுவந்தாள், அவ்வளவுதான். அவள் படத்தில் கடல். அவள் பிறந்த கீழக்கரைக் கடலாக இருக்கும், நன்றாகவே வரைந்திருக்கிறாள், கள்ளி, சொல்லவே இல்லை. ஆனால் கரையில் ஒரு லைட்ஹவுஸ், பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனி, அதிலிருந்து வளைந்து வரும் ரோடு, ரோட்டில் ஒரு பெட்டிக்கடை. கடல்தான் நிம்மதி என்றால் ஐஸ் கம்பெனி எதற்கு. எதற்கா, வண்டி வர வேண்டாமா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பேசக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு கடலில் என்னிடம் மிச்சம் இருந்த நீலத்தையெல்லாம் அள்ளிப் போட்டேன். மணி. அடுத்தது எதிரே உட்கார்ந்திருக்கும் தனபாக்கியம் அக்காவின் படம், அவர் வீட்டு அடுப்படி, எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு ஒரு டம்ளர் காப்பி மட்டும் இருக்கும் அடுப்படி, அதற்கு வெளியே சன்னல் வழியாகப் பெரிய தண்ணி டேங்க், டேங்க்கில் வார்டு நம்பர். மணி. சங்கிலியின் படத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. யானைமலை அடிவாரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் அவனே மல்லாந்து கிடக்கிறான், தொந்தியோடு, சரி, பக்கத்தில் டிரான்ஸ்பார்மர், டீக்கடை, இடது பக்கம் திரும்பவும் என்று ஒரு அம்புக்குறி. வாயைவிட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று. மிருணாளினி ஓடிவந்து மேஜை மேஜையாகப் பார்க்கிறாள், முகம் குழம்பிக்கிடக்கிறது. “தப்பா நெனைக்காதீங்க, ஏன் எல்லாருமே டிரான்ஸ்பார்மர் வரைஞ்சிருக்கீங்க? நிம்மதியான எடம்னுதானே சொன்னேன்?” சங்கிலி எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, “டிரான்ஸ்பார்மர் இல்லாட்டி நிம்மதி எப்படி மேடம் வரும்? வழி தெரியணும்ல?” என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவில் கண் கரித்தது. இந்தக் கூட்டத்தோடு எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயடைத்துப் போன நாளிலிருந்து என்னை ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்து நோயாளி வந்து சேர்ந்தாரா என்று கேட்கிற வேலைக்கு என்னை மாற்றினார், அந்த வேலைக்கு அப்படித் தனியாக ஆள் போட்டதே கிடையாது. சங்கிலி என் மேஜை வழியாகப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பகடியைப் போட்டுவிட்டுப் போவான், நான் சிரிக்காவிட்டாலும் அடுத்த தடவை இன்னொன்று. இவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன். ஒன்றும் இல்லை. இவர்களை விட்டுவிட்டுக் கையுறை அடுக்கப் போவதா என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மணி. என் படம் ராவியத்தின் கையிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. முதலில் நான் என் வீட்டையே காணவில்லை. அவ்வளவு போட்டிருந்தார்கள். சங்கிலியின் டிரான்ஸ்பார்மர், பக்கத்தில் டீக்கடை, டீக்கடை வாசலில் ஒரு நாய். அக்காவின் தண்ணி டேங்க், அதற்குக் கீழே மெயின் ரோடு, மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு, தெரு நேராக என் கேட்டுக்கு வருகிறது. கல் ஊன்றிய பொட்டல் போய் ஊராகிவிட்டது. முனையில் யாரையாவது நிறுத்தியிருப்பார்கள் என்று கண் தானாக முனைக்குப் போனது, பயந்துகொண்டேதான் போனது. முனை காலியாக இருந்தது. ராவியத் அங்கே ஆள் வரையவில்லை. என் கோணல் கேட்டில் சிவப்பாக ஒரு துண்டைக் கட்டியிருந்தாள், காற்றில் பறக்கிற மாதிரி, தெருவின் அந்தக் கடைசியிலிருந்தே தெரிகிற சிவப்பு. நான் உப்புக்குப் போட்ட சன்னலுக்குள் இரண்டு பேர். ஒருத்தர் படுத்திருக்கிறார். ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு சின்னக் கறுப்புப் புள்ளிதான் தலைகள், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. நான் ராவியத்தைப் பார்த்தேன். அவள் பிரஷைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “நிக்க ஆளில்லாத வீட்டுல அந்தத் துண்டு நிக்கும்ல” என்றாள். அன்றைக்கு அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அந்த ஐயா பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது, நான் பேசியது அத்தனையும் கேட்டிருக்கும். இவளும் இத்தனை நாள் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

அப்போதுதான் ஃபேனைத் தாண்டிப் போனது நினைப்பு. எப்படிப் போனது என்று தெரியவில்லை, அந்தச் சன்னல் வழியாகவே போயிருக்க வேண்டும். ஃபேன், ஃபேன், அப்புறம் கதவு, நம் வண்டி ஆட்களின் குரல், பெட்டியைத் திறக்கிற சத்தம், ஒருத்தர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே எண்ணுகிறார், வெகு நேரம் எண்ணுகிறார், நிறுத்துகிறார். அதற்கும் அப்புறம் போனைக் கையில் எடுக்கிற கரகரப்பு. அம்மா. சொல்லுங்கய்யா. வச்சிடலையா நீங்க? இல்லங்கய்யா. அவகூடப் பேசிக்கிட்டேதான் இருந்தீங்களா? பேசிக்கிட்டேதாங்கய்யா இருந்தேன். கொஞ்ச நேரம் அவர் அழுகிறார். அப்புறம், நல்லா இருப்பீங்கம்மா, என்கிறார். அந்த இடத்தில்தான் நான் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தேன். ஃபேனுக்காக இல்லை. மூச்சு நின்றதற்காகக்கூட இல்லை, மூச்சு நிற்பதை முன்னாலும் கேட்டிருக்கிறேன். அவர் என்னை வாழ்த்தினார், அதைத்தான் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பெண்டாட்டியிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் நிறுத்தியவளை எதற்கு வாழ்த்த வேண்டும், திட்டியிருந்தால் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். இத்தனை நாள் அந்த வார்த்தையை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அந்த மனுஷன் போனை என்னை நம்பித்தான் அவளிடம் வைத்துவிட்டுப் போனார், அவளுக்குத் தனியா இருந்தா பயம் என்று சொல்லிவிட்டுப் போனார், நான் அவளைத் தனியாக விடவில்லை. அதற்காகச் சொன்னார். அவ்வளவுதான், அதில் வேறு ஒன்றும் இல்லை. நல்லா இருப்பீங்கம்மா. சரிங்கய்யா. சரிங்கய்யா, இருக்கேன்.

அக்கா எழுந்து வந்து என் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். “இத ஏன் நாம சொல்றதே இல்ல?” என்றார், யாரிடம் என்றில்லாமல். “எதக்கா?” என்றான் சங்கிலி. “ஆள் இருந்தா முனையில நிக்கட்டும். இல்லாதவங்கள ஏன் எழுப்பி அனுப்புறோம்? கேட்டுல துணியக் கட்டிட்டு உள்ள போய் உக்காருங்கன்னா போதுமேடா.” சங்கிலி உடனே, “சிவப்புத் துண்டு இல்லாட்டி?” என்றான். “வேட்டி, சேலை, மிதியடி, ஒன் சட்ட, எதையாவது. என்ன கலர்னு கேட்டு டிரைவருக்கு மெசேஜ் அடிச்சு விடு. ராத்திரின்னா வாசல் லைட்டப் போடு, அணை, போடு, அணை.” “இம்புட்டு வருசமா ஒருத்தனுக்கும் தோணல பாருங்களேன்” என்று சொல்லி சங்கிலி காதிலிருந்த மஞ்சளைச் சொறிந்தான். மிருணாளினி இன்னொரு முறை எங்களைப் புரியாமல் பார்த்தாள். ஒரு துண்டுக்காக ஒரு மேஜையே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதை அவள் இதற்கு முன்னால் எந்தக் கம்பெனியிலும் பார்த்திருக்க மாட்டாள். “நல்லா வந்திருக்கு மேடம்” என்று என்னிடம் சொன்னாள். நான் வரைந்தது ஒரு கோணல் சதுரம்தான், ஆனால் ஆமாம், நல்லா வந்திருக்கு. அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன், அவள் கையெல்லாம் நீலமாகிவிட்டது, அதற்கும் சிரித்தாள். நோட்டீஸ் போர்டை நான் அவ்வளவு கிண்டல் செய்திருக்க வேண்டாம்.

படி இறங்கும்போது முன்னால் ராவியத், பின்னால் அக்கா. என் நாற்காலி. யாரோ உயரத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள், சரிசெய்தேன். தண்ணீர் குடித்தேன். ஹெட்செட்டின் பஞ்சு காதில் சில்லென்று உட்கார்ந்தது. அக்கா தன் கண்ணாடி அறைக்குள் போகாமல் நடுவிலேயே நின்று எதையோ படிப்பதுபோல நின்றார், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். லைன் விழுந்தது. சின்னப் பெண் குரல், மூச்சு வாங்குகிறது, அம்மா குளிச்சிட்டு வந்து அப்படியே விழுந்துட்டாங்கக்கா, மூச்சு இருக்கு, எந்திரிக்க மாட்டேங்குறாங்க. ஊர் கேட்டேன், தெரு கேட்டேன், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், புது வீடுக்கா, பக்கத்துல ஒண்ணும் இல்ல என்றது. அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். “யாருமே இல்லக்கா, நானும் அம்மாவும் மட்டும்தான்.” விரல் மியூட்டுக்குப் போனது. நகத்தில் காய்ந்த பெயிண்ட். பக்கத்தில் ராவியத் தன் லைனில் யாரிடமோ வழி கேட்டுக்கொண்டே பாதி என் பக்கம் திரும்பியிருக்கிறாள். விரலை எடுத்து மடியில் வைத்தேன்.

“நான் இருக்கேன்மா. வண்டி கெளம்பிருச்சு. முனைக்கெல்லாம் போக வேணாம். கைக்குக் கெடச்ச துணிய எடுத்து கேட்டுல கட்டிட்டு ஓடியா, வந்து அம்மா கையப் புடிச்சுக்கிட்டு உக்காரு. போன கட் பண்ணாம அம்மா காதுகிட்ட வச்சிட்டுப் போ, நான் அதுவரைக்கும் அம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்.” ஓடுகிற காலடி. கதவு. “அம்மா, மக இங்கதான் இருக்கா, இதோ வந்துருவா” என்றேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. இன்னொரு மூச்சு. திரும்ப ஓடிவருகிற காலடி, தரையில் முழங்கால் ஊன்றுகிற சத்தம், கொலுசு.

“கட்டிட்டேன்க்கா. கையப் புடிச்சுக்கிட்டேன்.”

“என்ன கலர்மா?”

“நீலம்க்கா.”

நீலம் என்று டிரைவருக்கு அடித்துவிட்டு, அவளோடு லைனில் இருந்தேன்.